ஆறு மாத்திரை, ஆறு இளநீர்

நான் ஓசூர்க்காரி. எங்களுக்கு வியர்க்கத் தெரியாது. மாசி மாதத்தில்கூட ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு முதல் ஷிஃப்டுக்குப் போகிற ஊர் இது. இந்தக் குளிரில் மூன்று வருடம் ஓடிப் பழகிவிட்டு, கடற்கரையில் அறுபது கிலோமீட்டர் ஓடப் போனேன். ஓடி முடித்தேன். கழுத்தில் மெடல் மாட்டினார்கள். மூன்றாம் நாள் அதே கழுத்தில் டயாலிசிஸ் குழாயைச் சொருகினார்கள்.

எங்கள் ஓட்டக் குழுவில் இருப்பவர்கள் என்ன ஆயிற்று என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். இளநீர் குடித்துக் கிட்னி போய்விட்டது என்று ஒரு கதை எங்கள் தெருவில் உலவுகிறது. அது முழு உண்மை இல்லை. அந்தக் கதை பரவ இடம் கொடுத்தவளே நான்தான். அதனால் நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன். என்னைத் திட்டத் தோன்றினால் தாராளமாகத் திட்டிக்கொள்ளுங்கள்.

பிரேக் உதிரிபாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் பதினேழு வருடமாகத் தரம் பார்க்கிற வேலை எனக்கு. எட்டு மணி நேரமும் நின்றுகொண்டுதான். வீட்டுக்காரர் முனிராஜ் இரண்டு ஏக்கரில் தக்காளியும் குடைமிளகாயும் போடுகிறார். மகள் ஹரிணி பத்தாவது படிக்கிறாள். உனக்குச் சர்க்கரை எட்டிப் பார்க்கிறது, நட என்று கம்பெனி டாக்டர் என்னிடம் சொல்லப்போய், நடை ஓட்டமாக மாறியது. சானமாவு காட்டோரச் சாலையில் ஓடினால்தான் எனக்கு ஓடின மாதிரி இருக்கும். அங்கே யானை வரும். அதற்காக இவர் விடிகாலையில் எழுந்து, மொபட்டில் என் பின்னாலேயே என் ஓட்டத்தின் வேகத்தில் உருட்டிக்கொண்டு வருவார். யானை வந்தால் இந்த மொபட்டை வைத்து என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். "ஆரன் அடிப்பன்" என்றார். அப்படி ஒரு மனுஷன்.

இப்போது மாத்திரை விஷயம். எங்கள் லைனில் நிற்கும் பெண்களில் பாதிப் பேர் வலி மாத்திரையில்தான் ஷிஃப்டை ஓட்டுகிறோம். ஆரம்பிக்கும்போது ஒன்று, டீ பிரேக்குக்கு அப்புறம் ஒன்று. காய்ச்சலுக்குப் போடுகிற பாரசிட்டமால் இல்லை. வலியையும் வீக்கத்தையும் சேர்த்து அடக்குகிற ரகம். அந்த மாத்திரை இருக்கும் முதலுதவிப் பெட்டியின் சாவி என்னிடம்தான் இருந்தது. தண்ணீரும் அதிகம் குடிக்க மாட்டோம். பாத்ரூம் போக வேண்டுமென்றால் லைனில் நம் இடத்தில் நிற்க ஒரு ஆளைத் தேட வேண்டும். அதற்கு வாயைக் கட்டிக்கொள்வது மேல். மாத்திரையைப் போடு, தண்ணீரைக் குறை, நின்றுகொண்டே இரு. பதினேழு வருடத்தில் உடம்பு கற்றுக்கொண்ட பாடம் இதுதான். இதையே கடற்கரைக்கும் கொண்டுபோனேன்.

கிளம்பும் முன்பு பையில் மாத்திரை அட்டையைப் பார்த்துவிட்டு இவர் சொன்னார்.

"மஞ்சு, மாத்திர போட்டுதான் ஓடணும்னா அந்த ஓட்டமே வாணாம். ஒடம்பு வாணாங்குது. அது வாய நீ மாத்திர வெச்சி மூடுற."

"சரிங்க, போடல" என்றேன். அட்டையை அவர் கண்முன்னாலேயே வெளியே எடுத்து வைத்தேன். வண்டி ஏறும் முன் திரும்ப எடுத்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டேன்.

ஓட்டம் ஒரு மீனவக் கிராமத்தில் ஆரம்பித்தது. தெற்கு நோக்கி ஓட வேண்டும். இடது பக்கம் முழுக்கக் கடல். சூரியன் தண்ணீருக்குள்ளிருந்து எழுந்து வருவதை அன்றுதான் முதல்முதலாகப் பார்த்தேன். வலை பிரிக்கிறவர்கள், கருவாடு காயவைக்கிறவர்கள், சவுக்குத் தோப்பு, அதைத் தாண்டினால் வெள்ளை வெள்ளையாக உப்புக் குவியல்கள். இதைப் பார்த்துவிட்டுச் செத்தாலும் பரவாயில்லை என்று நினைத்தேன். நாம் நினைப்பதையெல்லாம் மேலே ஒருவர் குறித்துக்கொள்கிறார் என்பது அப்போது தெரியவில்லை.

எட்டு மணிக்கு மேல் காற்று நின்றுவிட்டது. சட்டையைப் பிழிந்தால் தண்ணீர் சொட்டியது. வியர்வை காயவே இல்லை. வழியில் பந்தல் போட்டுத் தண்ணீர் கொடுத்தார்கள். நான் வாயை மட்டும் நனைத்துக்கொண்டேன், பெண்கள் ஒதுங்க இடம் கண்ணில் படவில்லை. தொடை வலித்தபோதெல்லாம் கை தானாகப் பைக்குள் போனது. புறப்படும்போது ஒன்று, பிறகு வழிநெடுக நாலு. மொத்தம் ஐந்து மாத்திரை. பத்து மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக ஓடி முடித்து மணலில் உட்கார்ந்தேன். சந்தோஷமாக இருந்தேன். அதை மறைக்க மாட்டேன்.

மறுநாள் திங்கள்கிழமை முதல் ஷிஃப்ட். தொடை வலியில் படியில் பின்பக்கமாக இறங்கித்தான் போனேன். கம்பெனி பாத்ரூமில் சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனது. சாயங்காலம் இவரிடம் சொன்னேன்.

"அது சூடு மஞ்சு. அவ்ளோ தூரம் வெயில்ல ஓடினா சூடு புடிக்காம என்னா பண்ணும்? இரு வர்றன்."

எங்கள் போர்வெல் பக்கத்தில் ஒரு தென்னை நின்றது. அதில் தானே ஏறி இரண்டு இளநீர் வெட்டி வந்தார். செவ்வாய் காலை இரண்டு, சாயங்காலம் இரண்டு. தொப்புளில் விளக்கெண்ணெய் வைத்துவிட்டார். ஆறாவது இளநீரைக் குடித்தபோதுதான் காலையிலிருந்து சிறுநீரே போகவில்லை என்பது எனக்கு உறைத்தது. அன்றிரவு முழுக்க வாந்தி. புதன்கிழமை விடிந்தபோது முகம் ஊதிப்போய், நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. தக்காளி ஏற்ற வந்த வண்டியிலேயே என்னைத் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓசூரில் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்.

ரத்தம் எடுத்தார்கள், நெஞ்சில் ஒயர் ஒட்டி ஈசிஜி எடுத்தார்கள். சிறுநீரக டாக்டர் ஒரு அம்மா. திருநெல்வேலிப் பக்கம். நிதானமாகப் பேசுவார், கோபம் வந்தால் ஊர்ப் பேச்சு எட்டிப் பார்க்கும். அவர் எங்களுக்கு விளக்கியதை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். அளவுக்கு மீறி உழைத்தால் தசை நார்கள் உடையும். உள்ளே இருக்கும் சிவப்புப் புரதம் ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்துக்குப் போய் அடைத்துக்கொள்ளும். உடம்பில் தண்ணீரும் இல்லையென்றால் சிறுநீரகம் வேலையை நிறுத்திவிடும். கிரியேட்டினின் என்பது சிறுநீரகம் வெளியே தள்ள வேண்டிய குப்பை. ஒன்றைச் சுற்றி இருக்க வேண்டும், எனக்கு ஏழு. பொட்டாசியம் என்பது உப்பு வகை. ஐந்தைத் தாண்டினால் பயம், எனக்கு அதுவும் ஏழு. இன்னும் கொஞ்சம் ஏறினால் இதயம் நின்றுவிடும்.

"ரெண்டு நாளா என்ன குடிச்சாங்க?" என்று டாக்டர் கேட்டார்.

இவர் ஒரு அடி முன்னால் வந்தார். "எளநி குடுத்தன் டாக்டர், ஆறு. கடைல வாங்கினது இல்ல. நம்ம மரத்துது. மருந்தே அடிக்காத மரம்."

டாக்டர் ரத்த ரிப்போர்ட்டை அவர் பக்கம் திருப்பினார். "இளநீர் நல்லதுதாங்க. ஆனா அது பூரா பொட்டாசியம். கிட்னி நின்ன ஆளுக்கு அது வெளிய போகாது. ஆறு குடுத்தா விஷம்தான்" என்றார். அவர் கடுமையாகச் சொல்லவில்லை. ஆனாலும் இவர் வைத்த அடியைப் பின்னால் எடுத்து, சுவரில் சாய்ந்து நின்றுவிட்டார்.

டாக்டர் என் பக்கம் திரும்பினார். "ஓடும்போது வலி மாத்திரை எதுவும் போட்டீங்களா? யோசிச்சுச் சொல்லுங்க."

இவர் அங்கேயே நின்றுகொண்டிருந்தார். போட மாட்டேன் என்று அவர் முன்னால் அட்டையை எடுத்து வைத்தவள் நான். மாத்திரை எடுத்த கம்பெனிப் பெட்டியின் சாவியும் ஞாபகத்துக்கு வந்தது. "இல்ல" என்றேன். அந்த ஒரு சொல்லை அவரும் கேட்டார். பழி முழுவதும் அவர் தலையில் இறங்கியதை நான் என் கண்ணால் பார்த்தேன். பார்த்துக்கொண்டே படுத்திருந்தேன்.

கழுத்தில் மரத்துப்போக ஊசி போட்டு, பெரிய நரம்பில் குழாயைச் சொருகினார்கள். டயாலிசிஸ் என்றால் வலிக்கும் என்று நினைத்திருந்தேன். வலி இல்லை, குளிர். நம் ரத்தம் நமக்கு வெளியே ஓடிக் கழுவிக்கொண்டு திரும்பி வரும் நாலு மணி நேரமும் உள்ளே எலும்பு வரை குளிரும். பக்கத்துக் கட்டிலில் பத்து வருடமாக இதற்கு வந்துகொண்டிருக்கும் ஒருவர் செல்போனில் சீரியல் பார்த்துக்கொண்டிருந்தார். அவரைப் பார்த்துத்தான் எனக்குப் பயம் வந்தது. சிறுநீரகம் திரும்பி வந்தால் நான் வீட்டுக்கு. வராவிட்டால் வாரம் மூன்று நாள் அந்தக் கட்டில்.

அது வருகிறதா என்று பார்க்க ஒரே வழிதான், எவ்வளவு சிறுநீர் போகிறது என்று அளப்பது. கோடு போட்ட ஒரு பிளாஸ்டிக் ஜாடியைக் கொடுத்தார்கள். நர்ஸ் கீதா, நாட்றாம்பாளையத்துப் பெண், "நாங்க அளக்கறம்ணா, நீங்க வாணாம்" என்று எவ்வளவோ சொல்லியும் இவர் கேட்கவில்லை. தக்காளிக்கு மருந்தை மூடியில் அளந்து ஊற்றுகிற அதே கவனத்தோடு, ஜாடியைக் கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பிடித்துப் பார்ப்பார். நாற்பது மில்லி. முப்பத்தைந்து. ஒருநாள் இருபது. நல்ல உடம்புக்கு ஒன்றரை லிட்டர் போக வேண்டும்.

குடிக்க ஒரு நாளைக்கு அரை லிட்டர்தான். ஹரிணி ஒரு பாட்டிலில் நகப்பூச்சால் பத்துக் கோடு போட்டுக் கொண்டுவந்தாள். மணிக்கு ஒரு கோடும்மா, ஏமாத்தக் கூடாது என்றாள். பரீட்சைக்குப் படிக்க வேண்டிய பிள்ளை, தாகத்தை எப்படித் தாங்குவது என்று படித்துவிட்டு வந்து எனக்குப் பாடம் எடுத்தது. இவர் என் முன்னால் தண்ணீரே குடிக்க மாட்டார். மாடிப்படி வரை போய்க் குடித்துவிட்டு வருவார்.

பார்க்க வந்தவர்களுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. "எளநி குடுத்தா கொல்லப் பாத்த?" என்று இவருடைய அக்கா கேட்டபோது இவர் ஜாடியைக் கழுவ எடுத்துப் போய்விட்டார். தன் அம்மாவிடம் போனில் தெலுங்கில் பேசுவது இவர் வழக்கம். மனசு கலங்கினால் அவருக்குத் தெலுங்குதான் வரும். வராந்தாவில் நின்று, "நேனே இச்சினானம்மா, நேனே" என்று சொல்வது என் கட்டிலுக்குக் கேட்டது. நான்தான் கொடுத்தேன் அம்மா, நான்தான். தினமும் ஒரே வாக்கியம்.

இதைவிடக் கேவலமான ஒன்றையும் எழுத வேண்டும். வியாழக்கிழமை தொடை இரண்டும் கல்லாகி, தொட்டாலே உயிர் போனது. ஆஸ்பத்திரியில் கொடுத்த மாத்திரை எனக்கு உறைக்கக்கூட இல்லை. கைப்பையில் மீதி அட்டை இருந்தது. இவர் மருந்துக் கடைக்குப் போயிருந்தார். ஒன்றை எடுத்து, ஹரிணியின் பாட்டிலில் ஒரு கோடு தண்ணீரை ஊற்றி விழுங்கினேன். ஆறாவது மாத்திரை. பழக்கம் என்றால் பழக்கம்தான், உயிர் போகிற இடத்திலும் கை அங்கேதான் போகிறது.

ஏழு நாள் ஆகியும் ஜாடி ஐம்பதைத் தாண்டவில்லை. டாக்டர் தனியாக வந்து உட்கார்ந்தார்.

"இந்நேரம் கொஞ்சமாவது அசையணும். எனக்குக் கணக்கு இடிக்கு. முதுகு வழியா ஊசி விட்டு, கிட்னிலருந்து ஒரு துணுக்குச் சதை எடுத்துப் பாக்கலாம்னு இருக்கேன். ரத்தம் கசியற ஆபத்து உண்டு. உங்க வீட்டுக்காரர் கையெழுத்து வேணும்."

தரம் பார்க்கிறவள் நான். பழுது எங்கே என்று தெரிந்தும் சொல்லாமல், நல்ல பொருளை அறுத்துப் பார்க்க விடுகிறவளை என் லைனில் ஒருநாள்கூட வைத்திருக்க மாட்டேன். ஆறு மாத்திரையையும் சொன்னேன். கைப்பையைத் திறந்து அட்டையையும் கொடுத்தேன்.

அவர் முகம் சிவந்துவிட்டது. "ஏம்மா, உங்களுக்கு என்ன கோட்டியா பிடிச்சிருக்கு? இது கிட்னிக்குப் போற ரத்தக் குழாயச் சுருக்கற மருந்து. தண்ணியில்லாத ஒடம்புல அஞ்சு. பத்தாததுக்கு இங்க என் வார்டுல படுத்துக்கிட்டு ஒண்ணா?"

அவர் எழுந்து கதவு வரை போய்த் திரும்பினார்.

"உங்க வீட்டுக்காரர் தெனமும் காலைல என் ரூம் வாசல்ல நிக்காரு. என் கிட்னிய எடுத்து அவளுக்கு வச்சிருங்க, நான் பண்ணுன பாவம்னு சொல்லுதாரு. உங்களுக்குத் தெரியுமா?"

எனக்குத் தெரியாது.

"அவர்ட்ட நான் சொல்ல மாட்டேன். அது நீங்க சொல்லணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். ஊசியைச் சில நாள் தள்ளிவைத்தார்கள்.

அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். இவர் வந்தார், கீழே இட்லிக் கடையில் கூட்டம் என்றார், என் காலைப் பிடித்துவிட்டார். வாய் வரவில்லை. சிறுநீரகம் வரட்டும், சொல்கிறேன் என்று எனக்கு நானே தவணை சொல்லிக்கொண்டேன். கோழைக்கு நல்ல நேரம் வருவதே இல்லை.

பத்தாம் நாள் நூற்று இருபது. மறுநாள் முந்நூற்று ஐம்பது. இவர் ஜாடியைத் தூக்கிக்கொண்டு நர்ஸ் மேசைக்குப் போன வேகத்தைப் பார்க்க வேண்டும், குந்தாரப்பள்ளிச் சந்தையில் மாட்டை நல்ல விலைக்கு விற்றுவிட்டு வருகிறவர் மாதிரி. "கீதாம்மா, முந்நூத்தம்பது. நீயே பாரு" என்றார். அதற்கடுத்து எண்ணூறு, பிறகு இரண்டு லிட்டர். அடைபட்டிருந்தது திறந்தால் இப்படித்தான் கொட்டும், பயப்பட வேண்டாம் என்றார் டாக்டர். கழுத்துக் குழாயை எடுத்தார்கள். கிரியேட்டினின் நாலு, மூன்று, இரண்டு என்று இறங்கியது. பக்கத்துக் கட்டில்காரர் சீரியலை நிறுத்திவிட்டு, "நல்லபடியா போய்ட்டு வாம்மா" என்றார். உடனே நாக்கைக் கடித்துக்கொண்டு, "வராதம்மா, போ" என்று திருத்தினார். எனக்கு அழுகை வந்தது.

பதினாறாம் நாள் வீட்டுக்கு வந்தோம். வண்டியிலிருந்து இறங்கியதும் வானம் எனக்கு வித்தியாசமாகத் தெரிந்தது. எங்கே என்று தேடினேன். போர்வெல் பக்கத்தில் தென்னை இல்லை. முழங்கால் உயரத்துக்கு அடிமரம் மட்டும் நின்றது. மட்டைகள் வரப்பு ஓரமாக அடுக்கிக் கிடந்தன.

அந்தப் போர்வெல்லில் தண்ணீர் வந்த அன்று இவர் நட்ட கன்று அது. ஹரிணிக்கு அப்போது ஒரு வயதுகூட ஆகவில்லை. காய்க்கிற தென்னையை எங்கள் பக்கம் யாரும் வெட்ட மாட்டார்கள். வெட்டக் கூலிக்கு ஆள்கூட வராது.

"எப்பங்க?" என்று கேட்டேன்.

"நீ உள்ள போன அஞ்சாம் நாளு. யாரும் வரமாட்டன்னாங்க. நானே அறுத்தன்." அடிமரத்தைப் பார்க்காமல் பேசினார். "அத வெச்சிக்கினு நான் என்னா பண்றது மஞ்சு. போவ வர அது கண்ணுல படுது."

ஹரிணி பைகளை உள்ளே எடுத்துப் போனாள். நான் அந்த அடிமரத்திலேயே உட்கார்ந்து சொன்னேன். அட்டையைத் திரும்ப எடுத்தது, வழிநெடுகப் போட்ட ஐந்து, ஆஸ்பத்திரியில் போட்ட ஒன்று, டாக்டர் கேட்டபோது அவர் முன்னாலேயே இல்லை என்றது, எல்லாம். இளநீர் பொட்டாசியத்தை ஏற்றியது நிஜம், ஆனால் சிறுநீரகத்தை நிறுத்தியது நான் என்றேன். அடிக்கட்டும் என்றுகூட நினைத்தேன். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவர் கை ஓங்கியதில்லை, அன்றைக்கு ஓங்கியிருந்தால் நியாயம்.

அவர் எனக்கு எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"அப்ப நான் இல்லயா?"

"இல்லீங்க."

"எளநி குடுக்காம இருந்திருந்தாலும் கிட்னி நின்னிருக்குமா?"

"அப்பவே நின்னுடுச்சிங்க. காப்பி நெறத்துல போனப்பவே."

"நான் இல்ல."

"நாந்தாங்க."

திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் எழுந்து பம்ப்புக்குப் போய் முகம் கழுவினார். துண்டால் துடைத்துக்கொண்டு, சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். நான் இருக்கிறேன் என்பதே அவருக்கு நினைவில் இல்லை என்று நினைக்கிறேன். முதல் மணியிலேயே அந்தப் பக்கம் எடுத்துவிட்டார்கள்.

"அம்மா" என்றார். "நேனு காதம்மா. நேனு காது."

நான் இல்லை அம்மா, நான் இல்லை.